கழுதைப்படியில் கைகாட்டியவர்

கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் பாறை ஏறும் வண்டிக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பீட்சா கடை ஒன்றின் பின்னறையில் கூடுவார்கள். டயரில் எவ்வளவு காற்றை இறக்குவது, எந்த வண்டி எந்தப் பாறையில் வயிறு தட்டி நிற்கும் என்று பேச்சு ஓடும். பேச்சு என்று நாகரிகமாகச் சொல்கிறோம். அடுத்தவன் வண்டியைக் கழுவி ஊற்றுவதுதான் அங்கே பொழுதுபோக்கு. அந்தக் கூட்டத்தில் லெலண்ட் கிரேவ்ஸ் வாயைத் திறந்தால் மட்டும் மற்றவர்கள் பீர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவர் ஒன்றும் பெரிய ஓட்டுநர் அல்ல. அவர் கைகாட்டி.

பாறைத்தடத்தில் ஓட்டுகிறவனுக்குத் தன் முன்சக்கரம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது முன்கண்ணாடியில் ஆகாயந்தான் இருக்கும். அப்போது எதிரே பாறைமேல் ஒருவர் நின்று, இடது, வலது, மெல்ல, நில் என்று கையால் சொல்லவேண்டும். ஓட்டுகிறவன் தன் கண்ணை அவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கையை மட்டும் பார்த்து ஓட்டுவான். லெலண்ட் முப்பது வருஷத்துக்கும் மேலாக அதைச் செய்துவந்தார். அவர் கைகாட்டி எந்த வண்டியும் கவிழ்ந்ததில்லை. மாவட்டச் சாலைப் பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்தபிறகு, காலையில் எழுந்து சவரம் செய்துகொள்ள அவருக்கு இருந்த காரணம் அது ஒன்றுதான்.

போன இலையுதிர்காலத்தில் அவர் கண் போக ஆரம்பித்தது.

முதலில் இடது கண், பிறகு வலது. முழு இருட்டு என்று சொல்ல முடியாது. சுற்றிலும் எல்லாம் தெரிந்தது. பார்க்க நினைக்கிற இடம் மட்டும், ஈரக்கையால் அழித்த சிலேட்டு மாதிரி கலங்கிப் போயிருந்தது. யாரையாவது நேராகப் பார்த்தால் தொப்பி தெரியும், தோள் தெரியும், முகம் இருக்காது. கண் மருத்துவர் பக்குவமாகத்தான் சொன்னார். "நடந்து போறது வர்றதுக்குக் கஷ்டம் இருக்காது. ஓரப்பார்வை கடைசிவரைக்கும் நிக்கும். ஆனா வண்டி ஓட்டறத விட்டுடுங்க. படிக்கறதும் முடியாது."

அழைத்துப் போயிருந்த தங்கை ஓப்பல் அவரைத் திரும்பக் காரில் கூட்டிவந்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொன்னாள். "உன் கூட்டாளி ராஸ்கோகிட்டயாவது சொல்லிடு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொன்னேன்ல, விடேன்."

அவர் சொல்லவில்லை. சொன்னால் சங்கத்தார் அவரை ஒரு மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் ஒரு குளிர்பானத்தைக் கொடுத்து, மரியாதையாக ஓரங்கட்டிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதோடு, இன்னும் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையும் இருந்தது. தடத்தின் ஒவ்வொரு பாறையும் அவருக்கு மனப்பாடம். மீதியை எஞ்சின் சொல்லிவிடும். சக்கரம் பிடி கிடைத்து ஏறினால் எஞ்சின் அடித்தொண்டையில் உறுமும். பிடி விட்டால் சட்டென்று கத்தும். ஒரு பக்கம் பாரம் சாயும்போது அந்த உறுமலே வேறு மாதிரி திரும்பும். குளிர்காலம் முழுக்கக் காதை வைத்தே அவர் கைகாட்டினார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ராஸ்கோ பெல்லமி மின்சார டிரக் வாங்கினார்.

ராஸ்கோவும் லெலண்டும் வாலிப வயதிலிருந்தே கூட்டாளிகள். ராஸ்கோ பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். டீசல் நாற்றத்திலேயே ஆயுசைக் கழித்தவர். அப்படிப்பட்டவர் சத்தமே போடாத, வெள்ளை நிறத்தில் பளபளக்கும் ஒரு டிரக்கைப் பீட்சா கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, சங்கமே வெளியே வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

"என்ன ராஸ்கோ, ரொட்டி வாட்டுற மெஷின் வாங்கியிருக்கியாமே?" என்றான் டேரில். சங்கத்தில் வாய் நீளம் அவனுக்குத்தான். அவன் வண்டியின் சத்தமும் அப்படியே.

"ஆமாடா. வா, உன்னையும் ரெண்டு பக்கம் வாட்டி எடுக்கறேன்."

"பாறை உச்சியில சார்ஜ் தீந்துபோச்சுன்னா? நீளமா ஒயர் வாங்கி வெச்சிருக்கியா?"

"உன் ரேடியேட்டர் கொதிச்சு நடுவழியில நின்னப்ப என் கயித்தப் புடிச்சிக்கிட்டுத்தானே வீடு போய்ச் சேந்த? அதே கயிறுதான், பின்னாடி கிடக்கு. தைரியமா வா."

எல்லோரும் சிரித்தார்கள். ராஸ்கோ புது மாப்பிள்ளை மாதிரி டிரக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டாராம். ஒரு சக்கரம் வழுக்கினால் மற்றது இழுத்துக்கொள்ளுமாம். பேட்டரியின் எடை முழுக்க அடியில் இருப்பதால் சுலபத்தில் சாயாதாம். "முக்கியமா அமைதி. இனிமே லெலண்ட் தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்ல. அவன் மூச்சு விட்டாக்கூட எனக்குக் கேக்கும்" என்றார்.

எல்லோர் முகமும் லெலண்டின் பக்கம் திரும்பியது. தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

"சத்தம் போடாத வண்டிய நான் நம்ப மாட்டேன்" என்றார் லெலண்ட். "இதுக்கு நான் கைகாட்ட மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கோ."

டேரில் விசிலடித்தான். மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். ராஸ்கோவின் முகம் எப்படிப் போயிற்று என்று லெலண்டுக்குத் தெரியவில்லை; அந்த இடத்தில் அவருக்கு ஒரு கலங்கல்தான் இருந்தது. ஆனால் டிரக்கின் கதவு மெதுவாகச் சாத்தப்படும் ஓசை கேட்டது. கோபத்தில் சாத்தியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அதற்குப் பிறகு ஒரு வினோதம் நடந்தது. கைகாட்ட மாட்டேன் என்ற லெலண்ட், எங்கே போனாலும் ராஸ்கோவின் டிரக்கிலேயே ஏறிப் போக ஆரம்பித்தார். தன் ஜீப்பில் கியர்பெட்டி தகராறு என்று சொல்லிக்கொண்டார். "திட்டிக்கிட்டே வந்து ஏறி உக்கார்றான் பாரு. மனசுக்குள்ள புடிச்சிருக்கு, ஒத்துக்கத்தான் மாட்டேங்கறான்" என்று ராஸ்கோ தன் மனைவி நடீனிடம் சொல்லிச் சிரித்தார்.

ஏப்ரல் கடைசியில் சங்கம் கழுதைப்படிக்குக் கிளம்பியது. கிரீன் ரிவர் என்ற சிற்றூரைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போகும் தடம் அது. நடுவில் படிக்கட்டுபோல அடுக்கடுக்காகப் பாறை ஏறும். இடது பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்குச் சரிவு. கிரீன் ரிவரில் ராஸ்கோவின் டிரக்குக்குச் சார்ஜ் போட வேண்டியிருந்தது. அங்கே இருந்த இரண்டு சார்ஜ் கம்பங்களில் ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஏற்கெனவே ஒரு கார் நின்றது. மற்றவர்கள் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, காப்பி வாங்கிக்கொண்டு, கிளம்பவும் தயாராகிவிட்டார்கள்.

டேரிலின் குரல் வாக்கிடாக்கியில் வந்தது. "ராஸ்கோ, உன் பாப்பாவுக்குப் பால் புகட்டி, ஏப்பம் விட வெச்சு, தூக்கிட்டு வா. நாங்க அங்க கூடாரம் போட்டு, குளிச்சு, கல்யாணம் பண்ணி, பேரன் எடுத்து வெச்சிருக்கோம்."

"உனக்கு எவ பொண்ணு குடுப்பா?" என்று ராஸ்கோ திருப்பிக் கொடுத்தார். ஆனால் வாக்கிடாக்கியை வைத்தபின் அவர் சிரிக்கவில்லை.

பெட்ரோல் பங்க் கடையில் வாங்கிய பரிட்டோ ரொட்டிச் சுருளைப் பிரித்து இருவரும் டிரக்குக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெளியே காற்று மணலை வாரி அடித்தது. இடம் கிடைத்துக் கம்பியைச் சொருகியபின் டிரக் நிற்கிறதா உயிரோடு இருக்கிறதா என்றே தெரியாத அமைதி.

"வாங்குனதிலேருந்து எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசறானுங்க" என்றார் ராஸ்கோ. "அது எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. பஸ் ஷெட்டுல இதவிட மோசமாக் கேட்டிருக்கேன். உண்மையச் சொல்லட்டுமா? இந்த மாதிரி நிறுத்திப் போடறது எனக்குப் புடிச்சிருக்கு. பெட்ரோல்னா அஞ்சு நிமிஷம், ஓடிக்கிட்டே இருப்போம். நாம ரெண்டு பேரும் இப்படிச் சும்மா உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சு?"

லெலண்ட் தலையசைத்தார்.

"இன்னிக்கு நீ கைகாட்டுடா."

"நான்தான் சொன்னேனே."

"டிரக்க நம்ப வேணாம். என்னை நம்பு. வேற எவன் கையப் பாத்தும் எனக்கு ஓட்டத் தெரியாது. நீ ஓரமா நின்னு வேடிக்க பாக்கற, டேரில் எனக்குக் கைகாட்டறான்னா, அதவிட நான் இத வித்துத் தொலச்சிடுவேன்."

இப்போது சொல்லிவிடலாம் என்று லெலண்ட் நினைத்தார். வாய்வரை வந்தது. 'எனக்குக் கண் தெரியல ராஸ்கோ.' அவ்வளவுதான், மூன்று நான்கு வார்த்தை. ராஸ்கோ திடுக்கிட்டுப் பரிட்டோவை வைத்துவிடுவார், தோளில் கைபோடுவார், அதோடு எல்லாம் முடிந்துவிடும். அந்த முடிந்துவிடுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாட்டேன் என்றாலோ கூட்டாளியின் முகத்தில் அடித்ததாகும். கழுதைப்படியின் ஒவ்வொரு கல்லும் தனக்குத் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சரி" என்றார். "மெதுவா ஏறணும். நான் சொல்றதுக்கு மேல ஒரு அங்குலம் போகக் கூடாது."

ராஸ்கோ அவர் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவு சந்தோஷம்.

கழுதைப்படியில் டேரிலும் மற்றவர்களும் முதலில் ஏறினார்கள். லெலண்ட் மேல்படியில் நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டார். எஞ்சின்கள் உறுமின, கத்தின, அடங்கின. ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எந்தச் சக்கரம் தவிக்கிறது என்று அவருக்குக் கையில் தொட்டதுபோல் தெரிந்தது. டேரில் கடைசிப் படியில் வழுக்கியபோது, சக்கரம் வழுக்குவதற்கு முன்பே அவர் கை எழுந்துவிட்டது. "எப்படித்தான் கண்டுபிடிக்கறீங்களோ பெரியவரே!" என்று அவன் கத்திக்கொண்டே போனான்.

கடைசியாக ராஸ்கோ. சன்னலை இறக்கி, இடது முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெள்ளை நிறம் முன்னால் வந்தது. மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. நான்கு மோட்டாரும் சேர்ந்த அந்த ரீங்காரம் ஏறும்போதும் அதேதான், நிற்கும்போதும் ஏறக்குறைய அதேதான். டயருக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. எது முன்சக்கரம், எது பின்சக்கரம் என்று பிரித்தறிய முடியவில்லை. காற்று வேறு அடித்தது. முதல் படி சரியாக ஏறியது. இரண்டாவதும் சரி. மூன்றாவதில், சரிவுப் பக்கமாக ஒரு நீட்டுப்பாறை உண்டு. அதற்கு இந்தப் பக்கம் முன்சக்கரம் இருக்கவேண்டும். லெலண்ட் அங்கே பார்த்தார். பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு சாண் இருக்கும் என்று கணக்குப் போட்டார். இடது, இன்னும் கொஞ்சம், வா என்று கைகாட்டினார்.

ராஸ்கோ ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

சக்கரம் ஏற்கெனவே விளிம்பில் இருந்தது. பாறை ஓரம் உடைந்தது. இத்தனை பெரிய வண்டி சத்தமில்லாமல் சாய்ந்தது. பிறகு கீழே போய் விழுந்தபோதுதான் சத்தம். லெலண்ட் கையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார். டேரில் சரிவில் இறங்கி ஓடும் சத்தமும், யாரோ "கைமேல கிடக்கு, கைமேல கிடக்கு" என்று அலறுவதும் கேட்டது.

ஹெலிகாப்டர் வந்து ராஸ்கோவைக் கிராண்ட் ஜங்ஷனுக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. உயிர் பிழைத்தது. இடது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

லெலண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நடீன் வெளியே உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீ அங்க இருந்தது நல்லதாப் போச்சு லெலண்ட். தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்துச்சே" என்றார்.

உள்ளே ராஸ்கோ மருந்து மயக்கத்தில் மெதுவாகப் பேசினார். "நீ அன்னிக்கே சொன்ன. சத்தம் போடாத வண்டிய நம்ப மாட்டேன்னு. எனக்குத்தான் உறைக்கல. ஒன்னையும் வம்புக்கு இழுத்து, கைகாட்ட வெச்சு… மன்னிச்சிக்கடா."

லெலண்ட் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நர்ஸ் உள்ளே வந்தார், நேரமாகிவிட்டது என்றார். லெலண்ட் அதையே சாக்காக வைத்து வெளியே வந்துவிட்டார்.

அதற்குள் கவிழ்ந்த டிரக்கின் படம் இணையத்தில் ஊர் ஊராகப் போய்விட்டது. பாறைவண்டிக்காரர்களின் குழுக்கள் எல்லாவற்றிலும் அதே பேச்சு. லெலண்டால் படிக்க முடியாது. ஓப்பலை வாசிக்கச் சொன்னார். அவள் சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசித்தாள்.

"ஒருத்தன் எழுதறான், 'இவ்வளவு பேட்டரிய வயித்துல கட்டிக்கிட்டு எருமை மாதிரி கனத்தா பாறை உடையாம என்ன பண்ணும்?' இன்னொருத்தன், 'கம்ப்யூட்டர் ஓட்டுற வண்டி. கம்ப்யூட்டருக்குத் தும்மல் வந்திருக்கும்.' கீழ எல்லாம் சிரிப்புப் படம்."

"அப்புறம்?"

"இது மின்சார வண்டிக்காரங்க கூட்டம் போலிருக்கு. 'வண்டி மேல ஒரு தப்பும் இல்ல. ஓட்டத் தெரியாத கிழவன்கிட்ட நல்ல வண்டியக் குடுத்தா இப்படித்தான் நம்ம பேரக் கெடுப்பான்.' ஐநூறு பேருக்கு மேல ஆமாம் போட்டிருக்காங்க."

டிரக்கை வாங்கியதற்காக ஒரு கூட்டம் ராஸ்கோவை ஏளனம் செய்தது. ஓட்டத் தெரியவில்லை என்று இன்னொரு கூட்டம் ஏளனம் செய்தது. பாறைமேல் நின்ற ஆளைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. டேரில் கவிழ்ந்த டிரக்கின் படத்தைப் போட்டு ஒட்டுப்படம் அச்சடித்து வண்டிகளில் ஒட்டிக்கொள்ளக் கொடுத்திருந்தான். ராஸ்கோவின் கை போனபின் அது எவ்வளவு கேவலம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. டிரக்கைத்தான் கேலி செய்கிறோம், ஆளை இல்லை என்று நினைத்துக்கொண்டான்.

சில வாரம் கழித்து ஓப்பல் வாசித்துக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள்.

"என்ன?"

"ராஸ்கோ எழுதியிருக்கான்."

"வாசி."

"'எல்லாரும் சொன்னீங்க, நான் கேக்கல. இந்த டிரக் பாறைக்கு ஆகாது. வாங்குனது என் முட்டாள்தனம். டேரில் சொன்னதுதான் சரி. வேற யாரும் என்னை மாதிரி ஏமாந்துடாதீங்க.'"

ஓப்பல் போனைக் கவிழ்த்து வைத்தாள். "லெலண்ட், அந்த டிரக் ஏதாவது தப்புப் பண்ணுச்சா?"

"இல்ல."

"அப்ப எழுந்திரு. சட்டைய மாத்து. நான் கார எடுக்கறேன்."

ராஸ்கோ வீட்டுப் பின்கட்டு மரத்தளத்தில் உட்கார்ந்திருந்தார். மடித்துக் குத்திய சட்டைக்கை லெலண்டின் ஓரப்பார்வையில் தெரிந்தது. நடீன் ஐஸ் போட்ட தேநீர் கொண்டுவந்து வைத்தார். லெலண்ட் அதைத் தொடவில்லை.

"டிரக் மேல தப்பு இல்ல ராஸ்கோ. ஒன் மேலயும் இல்ல. எனக்குக் கண் தெரியாது. நடுவுல சுத்தமாத் தெரியாது. இப்ப ஒன் மூஞ்சியும் எனக்குத் தெரியல. எஞ்சின் சத்தத்த வெச்சு சமாளிச்சிக்கிட்டிருந்தேன். ஒன் டிரக்குல அது இல்ல. நான் குருட்டாம்போக்குல கையக் காட்டினேன்."

நடீன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எப்பலேருந்து?" என்றார் ராஸ்கோ.

"போன இலையுதிர்காலம்."

"அப்ப, கிரீன் ரிவர்ல நாம சார்ஜ் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தோமே…"

"தெரியும். அன்னிக்கே சொல்ல வந்தேன். வாய் வரல."

ராஸ்கோவின் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "சொல்லியிருந்தா நான் டிரக்க அங்கேயே நிறுத்தியிருப்பேன்டா. படிய ஏறாமலே ஒன்கூட உக்காந்திருப்பேன். எனக்குப் படியா முக்கியம்? கண்ணு போனா என்ன, நான் ஒன்ன எங்க வேணா கூட்டிட்டுப் போயிருப்பேன்." பிறகு, "ஊருக்கே நான் முட்டாள்னு எழுதிப் போட்டேன். ஒன்கிட்ட மன்னிப்பு வேற கேட்டேன். கேட்டுக்கிட்டு நின்ன, இல்ல?"

"ஆமா."

"போயிடு லெலண்ட்."

"ராஸ்கோ…"

"ஒன்ன திட்டறதுக்குக்கூட என்கிட்ட ஒண்ணும் இல்ல. போயிடு."

அந்த வாரமே லெலண்ட் பீட்சா கடைப் பின்னறைக்குப் போனார். எழுந்து நின்று, ராஸ்கோவிடம் சொன்னதையே எல்லோர் முன்னாலும் சொன்னார். கண் போன சேதிக்கு எல்லோரும் உண்மையாகவே வருந்தினார்கள். ஒருவர் வந்து கையைப் பற்றினார். ஆனால் மற்றதை ஒருவரும் ஏற்கவில்லை.

"உங்க மனசு எங்களுக்குத் தெரியும் பெரியவரே" என்றான் டேரில். "கூட்டாளியக் காப்பாத்தறதுக்குப் பழிய உங்க தலைமேல போட்டுக்கறீங்க. அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி எனக்குக் கைகாட்டுனீங்களே, நான் வழுக்கறதுக்கு முன்னாடி உங்க கை எழுந்துச்சே. கண்ணு தெரியாத ஆளா அது? அந்த டிரக்கப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?"

"நான் சொல்றதக் கேளுடா. காதால…"

"உக்காருங்க, உக்காருங்க. யாராவது அவருக்கு ஒரு பீர் கொண்டாங்க."

அவர் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர்கள் கண்ணில் அவர் இன்னும் பெரிய மனிதராகிக்கொண்டே போனார். அந்த டிரக் குற்றவாளியாக இருப்பது அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராயில்லை. இணையத்தில் ஓப்பலை எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். அதற்குள் வேறொரு வண்டி வேறொரு இடத்தில் எரிந்த படம் வந்துவிட்டது. யாரும் பழையதைப் படிக்கவில்லை.

அக்டோபரில் டேரில் வந்து, வற்புறுத்தி, தன் வண்டியில் ஏற்றித் தடத்துக்குக் கூட்டிப் போனான். தடம் தொடங்கும் இடத்தில் அவருக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டார்கள். லெலண்ட் சூரியனுக்கு முகத்தைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு போயின. சத்தத்தை வைத்து எது யாருடையது என்று சொன்னார், அருகிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். பிறகு எல்லாம் ஓய்ந்தது.

டேரில் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான்.

"என்னடா?"

"ராஸ்கோ. இப்பதான் தாண்டிப் போறார். அதே மாதிரி டிரக் திரும்ப வாங்கியிருக்கார்."

"எங்க?"

"உங்க பக்கத்துலயேதான் போனார். நாற்காலிய ஒட்டி."

லெலண்ட் சட்டென்று எழுந்தார். நேராகப் பார்த்தால் அவருக்கு எதுவும் தெரியாது. தெரியவேண்டுமென்றால் தலையை மறுபக்கம் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். புழுதிக்கு நடுவே வெள்ளையாக ஒன்று தெரிந்தது, நின்றதுபோல் இருந்தது, பிறகு போய்விட்டது.

அடுத்த நாள் நடீன் தொலைபேசியில் கூப்பிட்டார். இத்தனை வருஷமும் நீ, வா, போ என்று பேசியவர், இப்போது, "நீங்க எப்படி இருக்கீங்க லெலண்ட்?" என்று ஆரம்பித்தார். "ஒண்ணு கேக்கணும். நேத்து ராஸ்கோ உங்களப் பாத்து டிரக்க நிறுத்தினாராம். இறங்கலாம்னு கதவுல கைய வெச்சாராம். நீங்க முகத்தத் திருப்பிக்கிட்டீங்களாம்."

"இல்ல நடீன். அவனப் பாக்கறதுக்குத்தான் திருப்பினேன். எனக்கு இப்ப அப்படித்தான் தெரியும். ஓரத்துலதான் தெரியும்."

"அவர்கிட்டச் சொல்றேன்" என்றார் நடீன். அவர் குரல் உடைந்திருந்தது.

அவர் சொல்லியிருப்பார்; சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை. ராஸ்கோ நம்பினாரா, நம்பியும் மனம் வரவில்லையா என்று லெலண்டுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பனிக்காலம் வந்தது. பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி இறங்கிக்கிடந்த நாட்களில் அவர் வீட்டு முன்னறையில், ஓப்பல் வானொலியைப் போட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாத வண்டி ஏதும் வருகிறதா என்று தெருவைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வசந்தம் பிறந்ததும் ராஸ்கோவும் நடீனும் வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஐடஹோவுக்குப் போய்விட்டார்கள். அதை அவருக்குச் சொன்னவன் டேரில். எப்படிப் போனார்கள் என்று லெலண்ட் கேட்டார். அந்த டிரக்கில்தான், வழியில் நாலைந்து இடத்தில் நிறுத்திச் சார்ஜ் போட்டுக்கொண்டு, அவசரமில்லாமல் போகப்போவதாக ராஸ்கோ சொன்னாராம்.

லெலண்ட் தலையை ஆட்டினார். அப்புறம் ஜீப்பின் சாவியை எடுத்து டேரிலின் கையில் கொடுத்து, கியர்பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, எடுத்துக்கொண்டு போ என்றார்.